முதலில் சாவியை மாற்றியிருக்க வேண்டும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் யாரென்று தெரியாது. என் பேக்கேஜின் புதிய பதிப்போடு டாட் என்வ் கோப்பும் வந்திருக்கிறது, உடனே பாருங்கள் என்று இரண்டே வரி. பாஸ்வேர்டு, சாவிகளை எழுதி வைக்கும், வெளியே போகவே கூடாத கோப்பு அது. ஈரக்கையோடு லேப்டாப்பைத் திறந்தேன். தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்த நான் எழுதி, ஜாவாஸ்கிரிப்ட் கோடை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் என்பிஎம் தளத்தில் ஏற்றியிருந்த சின்ன பேக்கேஜ் அது. டாட் என்வுக்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் மெயில் அனுப்பும் சேவையின் சாவியும் அப்படியே கிடந்தன. ஏற்றி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

கோடைச் சேமிக்கும் கிட்ஹப்புக்குப் போகக் கூடாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோரில் டாட் என்வ் இருக்கிறது, நானே எழுதிய வரி. பிறகு எப்படி? அன்று மதியம், டெஸ்ட் கோப்புகள் போய் பேக்கேஜைப் பெரிதாக்க வேண்டாமே என்று, என்பிஎம்முக்குப் போகக் கூடாதவற்றைச் சொல்லும் என்பிஎம்இக்னோர் கோப்பு ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, அதில் டெஸ்ட் ஃபோல்டரின் பெயரை மட்டும் எழுதினேன். அந்தக் கோப்பு இல்லாதவரை என்பிஎம் கிட்இக்னோரைப் பார்த்து நடந்துகொள்ளும். அது வந்துவிட்டால் கிட்இக்னோரைத் திரும்பியும் பார்க்காது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். கிட்ஹப்பில் தேடினால் எதுவும் சிக்காது, அங்கே அந்தக் கோப்பே இல்லை.

பதற்றத்தில் அன்பப்ளிஷ் செய்தேன், அதாவது ஏற்றியதை என்பிஎம்மிலிருந்து நீக்கினேன். வேறு எந்தப் பேக்கேஜும் அதை நம்பியிராவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அதற்கு அனுமதி உண்டு. பிறகுதான் டீமில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, டெலீட்டை விடுங்க, முதல்ல சாவிய மாத்துங்க" என்றான். அவன் சொன்னதுதான் சரியான வரிசை. என்பிஎம்மில் ஏறுவதை நகலெடுத்து வைக்கும் மிரர்கள் எத்தனையோ இருக்கின்றன, என் டெலீட் அங்கெல்லாம் போய்ச் சேராது. சாவியை மாற்றிவிட்டால் நகல் எங்கே கிடந்தாலும் செல்லாக்காசு. மெயில் சேவையின் லாகைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. நான் டெலீட்டோடு மல்லுக்கட்டிய அந்தப் பத்து நிமிடத்தில், தெரியாத ஐபி ஒன்றிலிருந்து யாரோ அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்திருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க இதைப் பற்றியே படித்தேன். 2024 ஜூனில் ஜேஃப்ராக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், டாக்கர் ஹப் என்ற தளத்தில் யாரோ ஏற்றியிருந்த இமேஜ் ஒன்றில், அதாவது ஓடத் தயாரான மென்பொருள் பொதியில், பாஸ்வேர்டு போல வேலை செய்யும் ஒரு கிட்ஹப் டோக்கனைக் கண்டெடுத்தார்கள். பைத்தான் மொழி, அதன் பேக்கேஜ் தளமான பைபிஐ இரண்டின் களஞ்சியங்களுக்கும் அட்மின் உரிமை உள்ள டோக்கன். சோர்ஸ் கோடில் அதை நீக்கியிருந்தார்கள், கணினி ஓட்டுவதற்காக மாற்றப்பட்ட, கம்பைலான பிஒய்சி கோப்பில் தங்கிவிட்டது. தகவல் போன 17 நிமிடத்தில் டோக்கனை ரத்து செய்துவிட்டார்கள். அந்த வேகத்தை நான் மனமார மதிக்கிறேன். 2023இல், கசிந்த ரகசியங்களைத் தேடும் கிட்கார்டியன் நிறுவனம் பைபிஐ பேக்கேஜ்களை அலசியபோது 3,938 ரகசியங்கள் கிடைத்தன. அவற்றில் 768 அப்போதும் உயிரோடு இருந்தன. என்னை உறுத்துவது இந்த இரண்டாவது எண்தான்.

இப்போது என்பிஎம்இக்னோர் கோப்பையே எடுத்துவிட்டேன். பேக்கேஜின் விவரங்களை எழுதும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் ஃபைல்ஸ் என்ற இடத்தில், போக வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன். ஏற்றுமுன் என்பிஎம் பேக் கட்டளையை டிரை ரன்னாக, அதாவது வெறும் ஒத்திகையாக ஓட்டிப் பட்டியலைப் பார்க்கிறேன். மொத்தம் 9 கோப்புகள். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் பப்ளிஷ்.