கார் லோனும் என் இன்சென்டிவும்

மருந்து கம்பெனி ரெப்பின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழும் பணம் ஒன்று. லோன் கொடுப்பவர் அதில் வருமானம் என்று ஒத்துக்கொள்ளும் பணம் வேறு. கார் வாங்கக் கிளம்பியபோதுதான் இது எனக்கு முழுசாகப் புரிந்தது.

மதுரைதான் என் ஹெட்குவார்ட்டர்ஸ். தேனி, கம்பம் வரை அலைச்சல். கைக்கு வரும் சம்பளம் 32,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்சென்டிவ், டார்கெட்டைத் தொட்டால். அப்புறம் டி.ஏ. என்னும் தினப்படி, பயணப்படி தனியாக வரும். எனக்கு 7 லட்சம் லோன் வேண்டியிருந்தது. ஷோரூம் வழியாகப் போன முதல் வங்கி நாலரை லட்சத்தோடு நிறுத்திக்கொண்டது. சம்பளத்தில் 40 சதவீதம், அதாவது 12,800; அதில் பைக் தவணை 3,400 போக மீதி 9,400. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. இன்சென்டிவை அவர்கள் பார்க்கவே இல்லை. வெயிலில் நின்று டாக்டர்களைப் பார்த்துச் சம்பாதித்த பணம் அது, வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்து, என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கு நேராகவே போனேன். அங்கிருந்த கிரெடிட் அதிகாரி என் ஸ்டேட்மென்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு பென்சிலால் வரி வரியாக அடித்தார். டி.ஏ., பயணப்படி எல்லாம் போயிற்று. “இது நீங்க செலவு பண்ணினதைக் கம்பெனி திருப்பிக் கொடுக்கிறது சார், வருமானம் இல்லை” என்றார். நியாயம்தான். இன்சென்டிவ் வரிகளை மட்டும் வட்டமிட்டார். நான்கு காலாண்டில் 45,000, 18,000, ஒன்றுமில்லை, 60,000. மொத்தம் 1,23,000, மாதத்துக்கு 10,250. அதில் பாதியைத்தான் எடுப்போம் என்றார். ஒரு காலாண்டு சுத்தமாக வராமல் போனதால்தான் பாதி. 32,000 சம்பளத்தோடு 5,125 சேர்ந்தது. அந்தத் தொகையில் 50 சதவீதம் வரை தவணைக்குப் போகலாம் என்பது அவர்கள் விதி.

அந்த 5,125-ஐயும் வாய்ச்சொல்லால் வாங்க முடியாது. இரண்டு வருஷ ஃபார்ம் 16 (கம்பெனி கொடுக்கும் வரிப் பிடித்தச் சான்று), வருமான வரி ரிட்டர்ன், இன்சென்டிவ் தனி வரியாகத் தெரியும் சாலரி ஸ்லிப், எல்லாம் கொடுத்தேன். வரி பிடித்துக் கொடுத்த இன்சென்டிவ் ஃபார்ம் 16-இல் சம்பளத்தோடு சேர்ந்தே நிற்கும். ஸ்டேட்மென்ட்டை விட அவர் நம்பியது அதைத்தான்.

வேலை விஷயத்தில் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். இந்தக் கம்பெனியில் ஒரு வருஷம் தாண்டியிருந்தது. அவர்கள் கேட்டது மொத்தம் இரண்டு வருஷ அனுபவம். பழைய கம்பெனியை விட்டதற்கும் இங்கே சேர்ந்ததற்கும் நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டரையும், பி.எஃப். இணையதளத்தில் யூ.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணைப் போட்டு எடுத்த சர்வீஸ் ஹிஸ்டரியையும் சேர்த்து வைத்தேன். இரண்டிலும் விலகிய தேதி ஒன்றாகவே இருந்தது. அதே மருந்து லைன் என்பதால் இடைவெளியைப் பெரிதுபடுத்தவில்லை. கம்பெனி மாறுகிறவர்கள் ரிலீவிங் லெட்டரை அன்றைக்கே கையில் வாங்கிவிடுங்கள். பிறகு ஹெச்.ஆரைப் பிடிப்பது பெரும்பாடு.

இன்னொன்று. லோன் கிடைக்குமா என்று பார்க்க ஏஜென்ட் ஒருவர் நாலைந்து இடத்தில் ஒரே சமயம் போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு விண்ணப்பமும் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் என்கொயரியாகப் பதிவாகும். அடுத்து பார்க்கிறவருக்கு அது கண்ணில் படும். வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகவே கிடைக்கும், அதை முதலிலேயே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

கடைசியில் 7 லட்சத்துக்கு ஒப்புதல் வந்தது, 9.5 சதவீதம், ஐந்து வருஷம். தவணை 14,700. நான் 6 லட்சம் மட்டும் எடுத்து முன்பணத்தைக் கூட்டினேன். தவணை 12,600 ஆனது. இன்சென்டிவ் வராத காலாண்டிலும் சம்பளத்திலேயே கட்டிவிட முடியும். கையெழுத்துப் போடுமுன், லோன் விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்கினேன். பிராசசிங் கட்டணமும், லோனை முன்கூட்டி முடித்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதில் இருக்கும். நல்ல இன்சென்டிவ் வரும் வருஷம் ஒரு தொகையைச் சேர்த்துக் கட்டிவிட எனக்கு எண்ணம் உண்டு, அதனால் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.