கடிதத்தோடு வந்தவர்கள்

எங்கள் சபையின் அங்கத்தவர் பதிவேடு ஒரு சி.ஆர். கொப்பி. 2010 கடைசியில் கிளிநொச்சியில் வாங்கியது. போரில் இடம்பெயர்ந்தபோது பழைய பதிவேடு எந்த இடத்தில் விடுபட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். தருமபுரம் என்பார் ஒருவர். இல்லை, இரணைப்பாலை வரைக்கும் கண்டேன் என்பார் இன்னொருவர். புதுக் கொப்பிக்குக் கோடு கீறியது நான்தான். பழையதில் இருந்தமாதிரியே 'எப்படிச் சேர்ந்தார்' என்று ஒரு நிரலும் விட்டேன். அதற்குள் இரண்டே வகை: விசுவாச அறிக்கை செய்து சேர்ந்தவர், முந்தின சபையின் கடிதத்தோடு சேர்ந்தவர்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. போன மாரியில் மூன்று நாள் விடாமல் மழை. முற்றத்தில் இறங்க வழியில்லை. மகன் போனில் எடுத்துத் தந்த அமெரிக்கச் சபை வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தேன். 1840களில் அயோவாவின் புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு பேரோடு தொடங்கிய சபைகள். அங்கேயும் அதே இரண்டு வகை!

யோசித்தால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எங்கள் சபைகள் அமெரிக்க மிஷனரிமாரின் வழியில் வந்தவை. அவர்களில் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையில் குடியிருந்த டானியேல் பூவர் படித்தது மசாசூசெட்சில் அன்டோவர் இறையியல் கல்லூரியில். 27 வருடம் கழித்து, 1843இல், அதே கல்லூரியை முடித்த இளைஞர்கள் ஒரு குழுவாக மேற்கே அயோவாவுக்குப் புறப்பட்டார்கள். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி டென்மார்க் என்ற சின்னக் குடியேற்றத்தில் கூடினார்கள். அங்கே 1838இலேயே ஒரு கொங்கிரிகேஷனல் சபை, அதாவது தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும் சபை, இருந்தது. ஆளுக்கொரு சபை, எல்லாருமாகச் சேர்ந்து ஒரு கல்லூரி, இதுதான் அவர்களின் கணக்கு. 1846இல் கல்லூரியைத் தொடங்கியும் விட்டார்கள். இன்றைய கிரினெல் கல்லூரி அதுதான். அவர்களில் வில்லியம் சோல்டர் என்பவர் பேர்லிங்டன் ஊருக்கு 1846இல் போனவர், 1910இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். எங்களுக்கு ஒரு போதகர் ஐந்து வருடம் நின்றாலே பெரிய காரியம்.

ஆக, எங்களுக்கும் அவர்களுக்கும் தாய்வீடு ஒன்று. ஆனால் அங்கே குடியேறிய நிலம் வெறும் நிலமில்லை. 1832இல் பிளாக் ஹோக் போரில் தோற்ற சோக், மெஸ்குவாக்கி மக்களிடமிருந்து எழுதி வாங்கியது. அடுத்த வருடமே வண்டில்கள் வந்துவிட்டன. அந்த இடத்தை என்னால் சும்மா தாண்டி வாசிக்க முடியவில்லை. காணி உறுதியோடு மாவட்டக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்த எவருக்கும் முடியாது.

அங்கே கோயில் கட்டடம் உடனே வரவில்லை. மரவீட்டிலும் பள்ளிக்கூட அறையிலும்தான் ஆராதனை. மெதடிஸ்த சபைக்காரர் இன்னும் கெட்டிக்காரர். ஒரு போதகர் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றுவார், ஒரு சுற்று முடியக் கிழமைக்கணக்கு ஆகும். இடையில் ஊர் ஆளொருவர் கூட்டத்தை நடத்துவார். எங்கள் போதகர் ஐயாவுக்கு மூன்று சபை, ஒரு மோட்டார் சைக்கிள். அது அக்கராயன் வீதியில் சில்லுக் காற்றுப்போன ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது நான்.

அயோவாப் போதகரின் சம்பளத்தில் ஒரு பங்கை 1826இல் தொடங்கிய உள்நாட்டு மிஷன் சங்கம் கொடுத்தது. மிச்சம் சபையின் பொறுப்பு. கையில் காசில்லாத சனம் சோளமும் பன்றி இறைச்சியும் விறகும் கொண்டுவந்து கொடுத்தது. வாசித்தபோது எங்கள் அறுப்பின் பண்டிகை ஏலம்தான் ஞாபகம் வந்தது. போன முறை ஒரு பூசணிக்காயை எடுத்தவர் திரும்ப ஏலத்துக்கே கொடுக்க, அடுத்தவரும் அப்படியே செய்ய, நாலு கை மாறி 3,800 ரூபா சேர்ந்தது. கடைசியில் அது எங்கள் வீட்டுக் கறிச்சட்டிக்கு வந்தது வேறு கதை.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். ஒஹாயோவிலோ வெர்மொன்டிலோ இருந்து வண்டில் கட்டியவர்கள் 'இவர் எங்கள் சபையில் நல்ல நிலையில் இருந்தவர்' என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் யாரையும் அறியாத இடத்தில் அந்தத் தாள்தான் ஆளைச் சொல்லும்.

போர் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி, தறப்பாளுக்குக் கீழே முதல் கூட்டம் வைத்தபோது எங்களில் ஒருவரிடமும் தாள் இல்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லை, சிலரிடம் அடையாள அட்டையே இல்லை. அந்த நிரலில் என்ன எழுதுவது என்று பேனையோடு இருந்தேன். மூத்தவர் ஒருவர் வாங்கின் நுனியில் இருந்து, "என்ன யோசிக்கிறாய் பிள்ளை? ஆளைத் தெரியும்தானே. தெரியும் எண்டு எழுது" என்றார். அப்படியே எழுதினேன். முதல் இரண்டு பக்கத்திலும் மேலிருந்து கீழே 'தெரியும்', 'தெரியும்'. பிறகு ஐயா பார்த்துவிட்டு, இதைத் திருத்தவேண்டாம் என்றார்.

போன மாதம் ஒரு பிள்ளை கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போகிறாள். "அன்ரி, அங்க சேர ஒரு கடிதம் தாங்கோ" என்று வந்து நின்றாள். எழுதினேன். முத்திரை மை காய்ந்து கிடந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குத்தியதில் சபையின் பெயர் பாதிதான் விழுந்தது. மிச்சத்தைப் பேனையால் எழுதிக் கொடுத்தேன். காற்றில் ஆட்டிக் காயவைத்து, பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.