மருந்தகத்தில் இணையம் இல்லாத நாள்கள்

20 ஜூலை 2018, வெள்ளி

மாலைச் செய்தியைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமங்களில் ஒன்றான சிங்ஹெல்த்தின் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் களவு போயிருக்கின்றன. அவர்களில் 160,000 பேருக்கு மருந்து விவரமும் போய்விட்டது. பிரதமர் லீயின் பதிவைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள். ஒருவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது ஊருக்குத் தெரியவேண்டிய செய்தியா? மருந்தாளராக இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அங்கே 28,000 ஊழியர்களின் கணினிகளிலும் இணையத்தைத் துண்டித்துவிட்டார்கள். நாங்கள் வேறு குழுமம். ஆனாலும் அடுத்து எங்கள் முறைதான்.

23 ஜூலை, திங்கள்

நினைத்தபடியே ஆயிற்று. உள் மென்பொருள் ஓடுகிறது, வெளியிணையம் இல்லை. தனியாக இணைப்புள்ள ஒரே கணினியை நிர்வாக அறையில் வைத்திருக்கிறார்கள்.

காலையில் ஒரு பெரியவர், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வாங்க வந்தார். பையில் ஒரு சீன மூலிகைப் பொட்டலம். முழங்கால் வலிக்குப் பக்கத்து வீட்டு அம்மா கொடுத்ததாம். உறையில் சீன எழுத்து மட்டும். உடன் வேலை பார்க்கும் தோழி படித்து, டாங் குய் என்றாள். வார்ஃபரினோடு அது சேர்ந்தால் இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்து, கசிவு ஏற்படலாம். அது தெரியும். உறையில் இருந்த மற்ற மூன்று மூலிகைகள்? வழக்கமாக உட்கார்ந்த இடத்திலேயே தேடிப் பார்த்துவிடுவேன். இன்று நிர்வாக அறைக்கு ஓடி, எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்திருக்கும்வரை நின்று, பார்த்துவிட்டு வந்தேன். முகப்பில் வரிசை நீண்டுவிட்டது. "தம்பி, ஏதாவது பெரிய கோளாறா?" என்று பெரியவர் பயந்துபோய்க் கேட்டார். பொட்டலத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லி, மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன்.

24 ஜூலை, செவ்வாய்

பொதுச் சுகாதாரத் துறையிலும் வேலைக் கணினிகளிலிருந்து இணையத்தைப் பிரித்திருக்கலாம், பிரித்திருக்கவும் வேண்டும் என்று துணைப் பிரதமர் தியோ சீ ஹியன் பேசியிருக்கிறார். உண்மைதான். அரசு அலுவலகங்களில் சென்ற ஆண்டே செய்த ஏற்பாடு இது. திருடர்கள் நுழைந்தது ஊழியர் பயன்படுத்தும் ஒரு சாதாரணக் கணினி வழியாகத்தான். என் கணினியும் அப்படிப்பட்டதுதானே. துண்டிப்பை முழுமனதோடு ஏற்கிறேன்.

27 ஜூலை, வெள்ளி

கூட்டத்தில் ஒரு மேலாளர், இனியாவது எல்லாரும் வேலையைக் கவனிப்பார்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. பூட்டுப் போட்டது நோயாளியின் பதிவைக் காப்பதற்கு. ஊழியரைச் சோம்பேறி என்று சந்தேகிப்பதற்கு இதைச் சாக்காக்குவது அநியாயம். இணையத்தில் ஊர்சுற்ற நினைப்பவர் கையில் கைப்பேசி இருக்கிறது. மருந்துக்கு மருந்து ஒவ்வுமா என்று பார்க்கத் துடிப்பவர்தான் இங்கே தவிக்கிறார். எழுந்து சொல்லியும்விட்டேன். அறையில் சிலர் தலையசைத்தார்கள்.

6 ஆகஸ்ட், திங்கள்

நாடாளுமன்றத்தில் இன்று அமைச்சர்கள் விளக்கமளித்தார்கள். எங்கள் முகப்பின் பின்பக்கம், நோயாளிப் பதிவோடு எந்த இணைப்பும் இல்லாத இன்னொரு கணினி வந்திருக்கிறது. மருந்து தேட மட்டும் என்று ஒட்டியிருக்கிறார்கள். ஆய்வகத்துக்கும் ஒன்று கேட்டு நாளை எழுதப்போகிறோம்.