டீம் லஞ்ச்சுக்கு யாரையெல்லாம் கூப்பிடறோம்?

சென்னை ஓஎம்ஆர்ல எந்த ஐடி ஆபீசுக்குப் போனாலும் எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்னு ஒரு பட்ஜெட் இருக்கும், அதுல டீ-ஷர்ட், பர்த்டே கேக், ஈசிஆர் ரிசார்ட்டுக்கு ஒரு நாள் அவுட்டிங். அதெல்லாம் வேணாம்னு சொல்ல வரல, நானும் போயிருக்கேன், சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா இது நம்ம இடம்னு ஒருத்தருக்கு மனசுல படறது அங்க இல்லங்க, தினமும் மத்தியானம் எங்க உக்காந்து யாரு கூட சாப்பிடறோம்ங்கறதுலதான் இருக்கு.

இதே சென்னையிலதான் 1918 ஏப்ரல்ல மெட்ராஸ் லேபர் யூனியன்னு தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க, பி.பி.வாடியாங்கறவர் தலைவர், திரு.வி.க.வும் கூட நின்னாரு. பெரம்பூர் பக்கம் பின்னி துணி மில்லுல வேலை பார்த்தவங்களுக்கு இருந்த குறைகள்ல முக்கியமான ஒண்ணு மத்தியான சாப்பாட்டு நேரம், அரை மணி நேரம் பத்தலன்னு கேட்டாங்க. நூறு வருஷம் தாண்டியும் தி.நகர் ரங்கநாதன் தெருவுல கடைங்கள்ல வேலை பார்க்கற பொண்ணுங்க காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுட்டே இருந்தாங்க, கஸ்டமர் இல்லன்னாலும் உக்காரக் கூடாது. 2021லதான் தமிழ்நாட்டுல சட்டம் திருத்தி எல்லாருக்கும் உக்கார வசதி பண்ணித் தரணும்னு கொண்டு வந்தாங்க, கேரளாவுல 2018லயே வந்துடுச்சு. ஒரு நாற்காலிக்கு சட்டம் வர வேண்டியிருக்கு பாருங்க. கால் வீங்கிப் போய் நிக்கற ஒருத்தர்கிட்ட போய் மோட்டிவேஷன் ஸ்பீச் குடுத்து என்ன பிரயோஜனம்?

எங்க ஃப்ளோர்ல ஹவுஸ்கீப்பிங் பண்ற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, கான்ட்ராக்ட்ல வந்தவங்க, கண்ணகி நகர்லேர்ந்து வர்றாங்க. சாப்பாட்டு நேரத்துல ஃபயர் எக்ஸிட் கதவுக்குப் பின்னாடி படிக்கட்டுல உக்காந்து, மடியில டப்பாவ வச்சுக்கிட்டு, யாராவது இறங்கி வந்தா உடனே மூடிட்டு எழுந்து நிப்பாங்க. எங்க டீம் லீட் மேடம் அதைப் பார்த்துட்டு "ஏன்க்கா இங்க, கேன்டீனுக்கு வாங்களேன்"னாங்க. "இல்ல மேடம், சூப்பர்வைசர் திட்டுவாரு."

மேடம் அதோட விடல. அட்மின்ல பேசி, வெண்டார் கம்பெனி சூப்பர்வைசரையும் உக்கார வச்சுப் பேசி, கேன்டீன் டேபிள் எல்லாருக்கும் பொதுன்னு எல்லாருக்கும் மெயில் போட வச்சாங்க. அப்பவும் அக்கா வரல, கூச்சம். ஒரு வாரம் மேடமே தன் டப்பாவ எடுத்துட்டுப் போய் கூப்பிட்டுக் கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வச்சு சாப்பிட்டாங்க, அப்புறம் கத்திரிக்கா கருவாட்டுக் குழம்பு எங்க டேபிளுக்கு வர ஆரம்பிச்சுது, நாங்களும் கை நீட்ட ஆரம்பிச்சோம். (சில இடங்கள்ல அசைவம் கொண்டு வராதீங்கன்னு நோட்டீஸே ஒட்டறாங்க. ஒருத்தர் வீட்டு சாப்பாட்ட வாசல்லயே நிறுத்திட்டு அவர இது உங்க குடும்பம்னு சொன்னா எப்படி ஒட்டும்?)

இப்ப அந்த அக்காதான் புதுசா வர்ற பசங்களுக்கு எந்த லிஃப்ட் மக்கர் பண்ணும், எந்த ஏசி கீழ உக்காந்தா தலைவலி வரும்னு எல்லாம் சொல்றவங்க. பாத்ரூம்ல தண்ணி ஒழுகினா முன்னாடி துடைச்சுட்டுப் போயிடுவாங்க, கேட்டா திட்டுவாங்களோன்னு பயம். இப்ப நேரா அட்மின் கேபினுக்கே போய் பைப்ப மாத்துங்கன்னு கேக்கறாங்க. சம்பளம் அவங்களுக்கு பெருசா ஏறிடல, அது தனியா போராடி வாங்க வேண்டிய விஷயம், டேபிள்ல இடம் குடுத்தா சம்பளத்துக்குப் பதில்னு யாரும் கணக்கு போட்டுடக் கூடாது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஃப்ளோர் முழுக்க கழுவி மாவிலை கட்டறது அவங்கதான், பூசணிக்கா உடைச்சா அதக் கூட்டறதும் அவங்கதான். ஆனா பொரி பாக்கெட் குடுக்கற லிஸ்ட்ல பல ஆபீஸ்ல இவங்கள மாதிரி கான்ட்ராக்ட்ல வர்றவங்க பேரு இருக்காது, எச்ஆர் ஷீட்ல எம்ப்ளாயி ஐடி இருக்கறவங்கள மட்டும்தானே எண்ணுவாங்க. அட்மின்ல இருக்கறவங்க யாராவது இதப் படிச்சீங்கன்னா, இந்த தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி செக்யூரிட்டி அண்ணா, ஹவுஸ்கீப்பிங் அக்கா, கேப் டிரைவருங்க எல்லாரையும் சேர்த்து எண்ணிட்டுப் போடுங்க. எல்லாருக்கும் அதே கடை, அதே பாக்ஸ்.