அப்பா பெயரில் இருந்த மின் இணைப்பும் மாடியில் ஏறிய சூரியத் தகடும்

மதுரையில் எங்கள் தெருவைச் சேர்ந்த பதினோரு வீட்டார், மின்சாரச் செலவைக் குறைக்கவும் மாடியில் சூரிய மின்தகடு பொருத்தவும் ஒருவருக்கொருவர் துணையாக ஒரு சிறு குழுவாக இயங்கி வருகிறோம். அந்தக் குழுவின் உதவியோடு என் வீட்டில் 3 கிலோவாட் அமைப்பைப் பொருத்தி முடித்த விவரத்தை இங்கே எழுதுகிறேன்.

தகட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் வீட்டின் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்பது குழுவில் நாங்களே வைத்துக்கொண்ட விதி. எனக்கு அது முதலில் வீண் பிடிவாதமாகத்தான் பட்டது. ஆனால் 75 வாட் இழுத்த நான்கு பழைய மின்விசிறிகளை குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றியதுமே, இரு மாதத்துக்கு 560 யூனிட் என்றிருந்த கணக்கு 500-க்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த எல்லையைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டண வீதம் உயர்ந்துவிடும் என்பதை அன்றுவரை நான் கவனித்ததே இல்லை.

பிறகு, வீட்டு மாடியில் சூரியத் தகடு பொருத்த மத்திய அரசு மானியம் தரும், 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைப் பதிந்தபோது, திரையில் அப்பாவின் பெயர் வந்தது. அவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. 3 கிலோவாட்டுக்கான 78,000 ரூபாய் மானியம் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமானால் இணைப்பும் அந்த விண்ணப்பதாரரின் பெயரிலேயே இருந்தாக வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது, வெளியூரில் இருக்கும் அக்காவின் சம்மதக் கடிதம் என ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பெயரை மாற்ற இரண்டு மாதங்கள் ஓடின. தாமதத்துக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒன்பது ஆண்டுகள் சும்மா இருந்தவன் நான்தான். அதோடு, அனுமதிக்கப்பட்ட மின்பளு 2 கிலோவாட்டாகவே இருந்ததால், அதையும் பணம் கட்டி உயர்த்திக்கொண்டேன்.

முதலில் வந்த விலைப்பட்டியல் மிகவும் மலிவாக இருந்தது. குழுவில் உள்ள ஓய்வுபெற்ற பொறியாளர் அதைப் படித்துவிட்டு, "தகட்டுக்குள் மின்சாரம் உண்டாக்கும் செல் உள்நாட்டுத் தயாரிப்புதானா என்று கேளுங்கள் தம்பி" என்றார். இல்லை என்று தெரிந்தது. அப்படிப்பட்ட தகட்டுக்கு மானியம் கிடைக்காது. அவரே மாடிக்கு வந்து, காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டுக் காட்டினார். ஒரு தகட்டின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் அதனோடு தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும் என்பதால், தொட்டியை வடக்கு மூலைக்கு நகர்த்தினோம்.

பொருத்தும் வேலை இரண்டே நாளில் முடிந்தது. வாங்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டருக்காக மூன்று வாரம் காத்திருந்தோம். நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் அளவுக்குக் கிடைக்கிறது. முதல் மின்தடையின்போது மட்டும், "மாடி நிறைய வெயில் காய்கிறது, விசிறி ஏன் சுற்றவில்லை?" என்று வீட்டில் கேட்டார்கள். மின்கம்பத்தில் வேலை செய்பவர் மீது மின்சாரம் பாயாதிருக்க, வெளியே மின்சாரம் நின்றவுடன், தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும், பேட்டரி இல்லாத இந்த வகை இன்வெர்ட்டரும் நின்றுவிடும் என்பதை முன்பே சொல்லி வைத்திருக்கலாம்.

குழுவில் இன்னும் மூன்று இணைப்புகள் மறைந்த பெரியவர்களின் பெயரிலேயே இருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவற்றுக்கு வாரிசுச் சான்று விண்ணப்பம் எழுதப்போகிறோம்.