பின்கட்டுக்குள் வராத அழைப்பு

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீடு தாத்தா காலத்தது. சுவர்கள் ஒன்றரை அடி கனம். அதன் பின்கட்டில்தான் அப்பளம் இடுகிறோம். ஆர்டர்கள் போனில்தான் வருகின்றன, அந்தப் போனோ பின்கட்டுக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடுகிறது. வீட்டின் முன்புறத் தார்சாவில் நின்றால் பேசலாம். வங்கியின் ஓடிபி வேண்டுமானால் மட்டப்பாவுக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏற வேண்டும்.

ஐந்தாண்டுகளுக்கு முன் துபாயிலிருந்து வந்த அத்தான் ஆசையாகக் கொடுத்த போன் அது. அம்பாசமுத்திரத்தில் கடைக்காரரிடம் காட்டினேன். “பழைய போன்னா அப்படித்தான் அண்ணாச்சி, ஃபைவ் ஜி வாங்கிருங்க” என்றார். பழையது என்பது மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. உறையைக் கழற்றியும், நெட்வொர்க் அமைப்புகளை அழித்து மீண்டும் தொடங்கியும் பார்த்ததில் எந்த மாற்றமும் இல்லை.

திரையில் தெரியும் கோடுகளை நான் நம்புவதில்லை. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் ‘சிம் நிலை’ என்ற பகுதியில் டிபிஎம் என்ற அளவில் ஓர் எண் இருக்கிறது. அது மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மட்டப்பாவில் மைனஸ் 88, தார்சாவில் 101, பின்கட்டில் 118 என்று குறித்துக்கொண்டேன். பத்து எண் இறங்கினால் சிக்னலின் திறன் பத்தில் ஒன்றாகிவிடும் என்பதால், மட்டப்பாவில் கிடைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பின்கட்டுக்கு வந்து சேர்கிறது. செல்போன் கோபுரத்தை எட்ட முடியாத போன் தன் அலை அனுப்பும் திறனைக் கூட்டிக்கொண்டே போவதால் சூடாகிறது, சார்ஜும் சீக்கிரம் இறங்குகிறது. இது தெரியாமல் போன வருடம் 1,200 ரூபாய்க்குப் பேட்டரியை மாற்றியது தண்டச்செலவு.

குற்றம் வீட்டினுடையதா, போனினுடையதா என்று அறிய, என் சிம்மை மதினியின் போனில் போட்டு அதே இடங்களில் நின்று பார்த்தேன். மட்டப்பாவில் மைனஸ் 89. ஆகவே என் போனின் ஆன்டெனா பழுதாகவில்லை. ஆனால் பின்கட்டில் மதினியின் போன் 104 காட்டியது, பேச்சும் அறுபடவில்லை. போன் எந்த அதிர்வெண்ணில் பேசுகிறது என்று காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. மதினியின் போன் உள்ளே வந்ததும் 1800 மெகாஹெர்ட்ஸை விட்டு, பேண்ட் 5 எனப்படும் 850 மெகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்கிறது. அதிர்வெண் குறையக் குறையச் சுவரைக் கடந்து செல்வது எளிது. வளைகுடாச் சந்தைக்காகச் செய்யப்பட்ட என் போன் ஏற்கும் பேண்டுகளின் பட்டியலில் பேண்ட் 5 இல்லவே இல்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் அது வரப்போவதில்லை.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருப்பதால் வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பைப் பேசும் வசதி கைகொடுக்கும் என்று கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த வசதியைப் போனும் சிம் நிறுவனமும் சேர்ந்து அனுமதிக்க வேண்டும். மதினியின் போனில் அது இருக்கிறது; என்னுடையதில் அதற்கான பொத்தானே காணோம். அதன் பிறகுதான் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மறுபடி கடைக்குப் போய், பிடித்த போனின் மாடல் எண்ணை மட்டும் எழுதி வந்து, வீட்டில் நிதானமாக அதன் பேண்ட் பட்டியலைப் பார்த்தேன். நம் நாட்டில் பயன்படும் 3, 5, 8, 40 நான்கும் இருந்தன; விலை 13,000 ரூபாய். கேமராவைப் பற்றிக் கடைக்காரர் வெகுநேரம் பேசினார், அப்பளத்துக்கு அது எதற்கு? சித்திரை வெயிலில் ஆர்டர் கூடும் என்பதால் பங்குனிக்குள் வாங்கிவிடுவேன். அத்தான் கேட்டால், அவர் தந்த போன் மட்டப்பாவில் நன்றாகவே வேலை செய்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் அல்ல.