மூன்று மெழுகுவத்தி

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, கண்ணாடி டம்ளரால் மூடினால், சுடர் அணைந்து டம்ளருக்குள் தண்ணீர் ஏறும். "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிடுகிறது, அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதற்கு இதுவே சான்று" என்று எங்கள் கூட்டத்தில் இதைச் செய்துகாட்டிய ஓர் ஆசிரியை சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் "அது தவறு" என்றேன். இரண்டே சொற்கள். ஆறு மாதங்களாக அவை என் காதிலேயே நிற்கின்றன.

ஆசிரியர்கள் சிலர் கோபிசெட்டிபாளையத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். கல்வித் துறை நடத்தும் குறுவள மையப் பயிற்சிக் கூட்டம் போல வருகைப் பதிவேடு கிடையாது. "இங்கே யாரும் யாரையும் ஆய்வு செய்ய வரவில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்" என்று முதல் கூட்டத்தில் சொன்னவன் நான்தான். அதை நம்பித்தான் அவர் கடம்பூர் மலையிலிருந்து இறங்கி, சத்தியமங்கலத்தில் பஸ் மாறி, தட்டும் கண்ணாடி டம்ளரும் மெழுகுவத்தியும் எடுத்து வந்திருந்தார். வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

நான் சொன்னதில் பிழையில்லை. ஆக்சிஜன் முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. சூட்டில் விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே முக்கியக் காரணம். அதனால்தான் சுடர் அணைந்த பிறகு தண்ணீர் விறுவிறுவென்று ஏறுகிறது. இதையெல்லாம் பன்னிரண்டு பேர் முன்னால் கரும்பலகையில் எழுதினேன். "சரிங்க சார்" என்று டம்ளரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும்.

பேசாமல் இருந்திருக்க வேண்டுமா? அந்த மலைப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை அதே தவறு போய்ச் சேர்ந்திருக்குமே.

ஆனால் நானும் பதினோரு ஆண்டுகள் அப்படியே நடத்தியவன். என்னை யாரும் சபையில் திருத்தவில்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "மூன்று மெழுகுவத்தி வைத்தால் என்ன ஆகும் சார்?" என்று கேட்டாள். வைத்தோம். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. டம்ளர் அதே, உள்ளிருந்த ஆக்சிஜனும் அதே. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆசிரியனாக என் மிக நல்ல இரவு அதுதான். அந்த ஆசிரியைக்கும் அப்படி ஓர் இரவு வாய்த்திருக்கும். இன்னும் இரண்டு மெழுகுவத்தி வாங்கிவர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

தொலைபேசியில் அழைத்தேன். "பஸ் நேரம் ஒத்துவரவில்லைங்க சார்" என்றார். மலைக்குப் பஸ் குறைவுதான். அது மட்டுமே காரணமாக இருக்கவும் கூடும்.

போன மாதக் கூட்டத்தில் ஒருவர், கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போவதால்தான் வெயில் கொளுத்துகிறது என்றார். பூமி மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழிக் குளிரில். நான் வாயைத் திறக்கவில்லை. பாடம் கற்றுக்கொண்டேன் என்று அப்போது நினைத்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. "எந்த மாதம் அருகில் வருகிறது என்று பார்த்துவிடுவோமா?" என்றாவது கேட்டிருக்கலாம். தேநீர் வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.